மாடிச் சாவி

ஷார்ஜா, ரோலா
5 நவம்பர் 1997

அன்புத் தம்பி இஸ்ரவேலுக்கு,

சேசு மரி சூசை உன் வீட்டைக் காத்து வருவார்களாக. இங்கே நானும் மகள் ஷாஜினியும் மாப்பிள்ளையும் பேரன் விஜினும் சுகம். என் முழங்கால் மட்டும் இந்தக் கட்டடத்து லிப்டைப் போல, சில நாள் நகர்கிறது, சில நாள் நகர்வதில்லை. உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதே, எண்ணை எழுது.

உன் போன கடிதத்தில் "கல்லரை" என்று எழுதியிருந்தாய். உன் அறுபத்தைந்து வயதில் இதையும் நான் திருத்த வேண்டியிருக்கிறது.

திருநாளுக்கு உன் அத்தான் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயா? மெழுகுவர்த்தி ஆறு. மல்லிகை வேண்டாம், சாமந்தி போதும். மல்லிகை வாசம் அவருக்குத் தலைவலி. இங்கே போய் நிற்க எனக்கு ஒரு கல்லறை இல்லை. கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை நடந்தது. இந்தக் கட்டடத்துப் பிள்ளைகளிடம் நம் புன்னைவிளைப் படல் இரவைப் பற்றி ஒரு நாள் சொல்லியிருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தின இரவு ஊர் இளவட்டங்கள் வீட்டு வாசல் படலையும் வாளியையும் உரலையும் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் முற்றத்தில் குவிப்பார்கள், பூசை முடிந்து அவரவர் பொருளை அவரவர் சிரித்துக்கொண்டே எடுத்துப்போவார்கள், யார் செய்தது என்று கேட்டால் "ஆத்துமாக்கள் வந்து எடுத்து வச்சிருக்கும்" என்பார்கள் என்று சொன்னேன். உடைக்கக் கூடாது, ஒளிக்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது என்ற மூன்று சட்டங்களையும் சொன்னேன். விளைவு, இரண்டாம் தேதி காலையில் ஐந்து மாடியிலும் ஒரு வாசலில்கூடச் செருப்பு இல்லை. எல்லாம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. ஜோடி ஜோடியாக, பெரியது முதல் சிறியது வரை அளவு வாரியாக வரிசை, குதிகால் எல்லாம் சுவரைப் பார்த்து. நூற்றுப் பதினாலு ஜோடி. பார்க்க ஒழுங்காக இருந்தது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இரண்டாம் மாடி ருக்கையா, காயல்பட்டினத்துப் பெண், தன் மகனின் பூட்சுக்குள் வைத்திருந்த வீட்டு மாற்றுச் சாவியைக் காணவில்லை என்றாள். அவள் புருஷன் கட்டடச் சொந்தக்காரரின் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டான். சின்ன விஷயம். அடங்கிவிடும்.

பனங்கிழங்கு வந்ததும் ஆள் வந்தால் கொடுத்தனுப்பு.

உன் அக்கா,
தேவகனி


தூத்துக்குடி
19 நவம்பர் 1997

பிரியமுள்ள அக்காவுக்கு இஸ்ரவேல் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் எல்லாரும் நலம். சர்க்கரை நூற்றெழுபது. கல்லறை, கல்லறை, கல்லறை. மூன்று முறை எழுதிவிட்டேன், டீச்சர் மார்க் போடவும்.

வெள்ளை அடித்தாயிற்று. மெழுகுவர்த்தி ஆறு, சாமந்தி இரண்டு முழம். அத்தானிடம் நீ சார்ஜாவில் ஏசி அறையில் இருக்கிறாய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஊரில் இந்த வருஷம் படல் இரவில் இரண்டு பிளாஸ்டிக் வாளியும் ஒரு சைக்கிளும் மட்டும் கோயில் முற்றத்துக்கு வந்தன. இப்போது யார் வீட்டில் படல் இருக்கிறது? எல்லாம் இரும்பு கேட், உள்ளே நாய். அந்தக் காலம் வேறு. உனக்கு மறந்திருந்தாலும் என் முதுகுக்கு மறக்கவில்லை.

செருப்பு விஷயத்தை வாசித்துவிட்டு உன் தம்பி பொண்டாட்டி வயிறு வலிக்கச் சிரித்தாள். "மைனிக்கு இம்புட்டுக் குறும்பு சொல்லிக் கொடுக்கத் தெரியுமா?" என்கிறாள். அந்தச் சாவி கிடைத்ததா? அதை எழுதவில்லையே.

தம்பி,
இஸ்ரவேல்


ஷார்ஜா
12 டிசம்பர் 1997

அன்பு இஸ்ரவேல்,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. நாங்கள் சுகம். சர்க்கரை நூற்றெழுபது என்பது நலம் அல்ல.

குடில் வைக்க ஷாஜினி சாமான் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி. மாப்பிள்ளை சைட்டிலிருந்து வர எட்டாகிறது. விஜின் பரீட்சைக்குப் படிக்கிறான். முன்பு ஓயாமல் பேசுவான், இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. வளர்கிற வயது.

உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். எங்கள் கட்டடத்துக் காவல்காரன், இங்கே நாத்தூர் என்பார்கள், கார்மேகம் என்று பெயர். சாயல்குடிப் பக்கத்துக்காரன். ஒன்பது வருஷம் இந்தக் கட்டடத்தில் இருந்தான். நல்ல மனிதன். போன மாதம் ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய கம்பளிச் சட்டையும் ரேடியோவும் இங்கே தங்கிவிட்டன. லீவில் வரும் நம் ஊர்ப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு. தபாலில் வேண்டாம். அவன் எப்படி இருக்கிறான், வீடு எப்படி, என்ன செய்கிறான் என்று பார்த்து எனக்கு விவரமாக எழுது. விலாசம் தனித்தாளில் இருக்கிறது.

ஏன் என்று கேட்காதே. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே, உனக்குச் சளி பிடிக்கும்.

அக்கா


தூத்துக்குடி
4 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். இங்கே சுகம். சர்க்கரை நூற்று ஐம்பத்தெட்டு, கிறிஸ்துமஸ் முறுக்கையும் மீறி.

சாயல்குடியில் இறங்கி, உள்ளே நாலு மைல் மினி பஸ். ஜன்னல் ஓரம்தான் கிடைத்தது, மன்னித்துவிடு. பாதி கட்டி நிற்கிற வீடு. சிமெண்டு பூசாத சுவரில் துணி காய்ந்தது. கார்மேகம் வேலி அடைத்துக்கொண்டிருந்தான். "எங்கிட்டு இருந்து வாறீக?" என்றான். உன் பெயரைச் சொன்னதும், "டீச்சரம்மா தம்பியா!" என்று உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்தான். ரேடியோவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"ஏன்யா திடீர்னு வந்துட்டே?" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டிதான் கதவு மறைவிலிருந்து பேசினாள். "ஊர்ல ஒவ்வொருத்தரும் சவுதிக்குப் போயி மச்சு வீடு கட்டுறாக. இவுக சார்ஜாவுக்குப் போயி செருப்புக் களவாண்டவன்னு பேரு வாங்கிட்டு வந்துருக்காக."

"சும்மா கெட புள்ள" என்றான் அவன்.

"நான் கெடக்கேன். ஊரு கெடக்குதா?"

அக்கா, அந்தத் தெருப் பயல்கள் அவன் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை பார்த்தேன். அவன் சிரிக்கிறான். அது சிரிப்பு இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மொட்டை மாடிச் சாவி இவனிடம் மட்டும் இருந்ததாம். மாடிக்குச் செருப்பு போனதென்றால் இவன்தான் கொண்டுபோனான், வீட்டுச் சாவி எடுக்கத்தான் இந்த நாடகம் என்று ஆபீசில் முடிவு செய்து விசாவைக் கேன்சல் செய்து பத்து நாளில் ஏற்றிவிட்டார்களாம். நீ எழுதிய "போய்விட்டான்" என்பது இதுதானா?

அபுதாபி முசஃபாவில் ஒரு கம்பெனியில் இவன் மச்சினன் இருக்கிறான். அங்கே நாத்தூர் வேலைக்கு விசா இருக்கிறது. ஆனால் பழைய ஆபீசிலிருந்து, இவன்மேல் புகார் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். மார்ச் கடைசி வரை பார்ப்பார்கள். அதற்கு மேல் வேறு ஆள். கடிதம் யார் தருவார்கள் என்று கேட்டேன். மறுபடி வேலியை அடைக்கப் போய்விட்டான்.

புறப்படும்போது, "டீச்சரம்மா சௌக்கியமா? வடகம் காயப்போட இப்ப அவுகளுக்கு மாடிச் சாவி யாரு குடுக்கிறா?" என்று கேட்டான். மாடிச் சாவி அவனிடம் மட்டும்தானே இருந்தது, உனக்கு எப்படி? எனக்குப் புரியவில்லை.

தம்பி இஸ்ரவேல்


ஷார்ஜா
25 ஜனவரி 1998

இஸ்ரவேலுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

வெள்ளிக்கிழமைகளில் வடகம் காயப்போட அவனிடம் மாடிச் சாவி வாங்குவது உண்டு. ஆபீஸ் சட்டப்படி அவன் கொடுக்கக் கூடாது. எனக்காகக் கொடுத்தான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இங்கே நோன்பு மாதம். தினமும் சாயங்காலம் ருக்கையா ஒரு தூக்குப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். ஐந்து மாடிக்கும் அனுப்புகிறாள். விஜினும் மாப்பிள்ளையும் குடிக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

குளிர் அதிகம். இத்துடன் முடிக்கிறேன்.

தேவகனி


தூத்துக்குடி
10 பிப்ரவரி 1998

அக்கா,

நான் சுகம். நீ சுகமில்லை. உன் கையெழுத்து முதல்முறையாகக் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது.

உன் நவம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். செருப்புகள் அளவு வாரியாக வரிசை, குதிகால் சுவரைப் பார்த்து, நூற்றுப் பதினாலு ஜோடி. பன்னிரண்டு வயதுப் பயல்கள் நூறு செருப்பைத் திருட்டுத்தனமாக மாடிக்குக் கொண்டுபோனால் குவித்துப் போட்டுவிட்டு ஓடிவருவான்கள். அளவு வாரியாக அடுக்குகிற ஆளை இந்த உலகத்தில் ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். போர்டிங்கிலிருந்து லீவுக்கு வந்தால் எங்கள் செருப்பையெல்லாம் குதிகால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய்.

படல் இரவு பையன்களுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகள் வெளியே வரக் கூடாது. 1943இல் நீ வந்தாய். அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு. உபதேசியார் வீட்டுப் படலை நீதான் பிடுங்கினாய், நான் பின்னால் பிடித்தேன். அவர் மாடு வெளியே போய் ஊர்க் கீரைப் பாத்தியெல்லாம் மேய்ந்துவிட்டது. மறுநாள் அப்பா யாருடா என்று கேட்டபோது நான் நின்றேன். புளிய விளாறு மூன்று முறிந்தது. நீ அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் கான்வென்டுக்குப் போய் நன்னடத்தைப் பரிசு வாங்கினாய், ஒரு ஜெபமாலைப் பை. நீல வெல்வெட்.

நான் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் அதற்காகக் கேட்கவில்லை. நான் உன் தம்பி, அடி வாங்கினேன், போயிற்று. கார்மேகம் உனக்கு யார்?

இஸ்ரவேல்


தூத்துக்குடி
7 மார்ச் 1998

அக்காவுக்கு,

பதில் இல்லை. தவக்காலம் ஆயிற்றே, பேசாமல் ஒறுத்தல் செய்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கார்மேகம் நேற்று வீட்டுக்கு வந்தான். முசஃபாவுக்குக் காகிதம் அனுப்ப போட்டோ எடுக்க வந்தவன், ஒரு பை நிறையச் சீனிக்கிழங்கு கொண்டுவந்தான். சாப்பிடச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, நேராகவே கேட்டேன். "அன்னிக்கு ராத்திரி மாடியில யாரு இருந்தா?"

ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாடியில லைட்டு எரியலைன்னு பயலுக வந்து கேட்டானுகய்யா. டீச்சரம்மா இருட்டுல தடுமாறுவாகளேன்னு மெயின் சுவிச்ச நாந்தான் போட்டு விட்டேன். என்னதான் பண்ணுறாகன்னு கதவு வழியாப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒவ்வொரு ஜோடியாத் தட்டித் தட்டி வைக்கிறாக. சிரிக்கிறாக. அந்தம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இருந்துட்டுப் போகட்டும்னு இறங்கி வந்துட்டேன்."

"ஏம்ப்பா ஆபீஸ்ல சொல்லலை?"

"அவுக சொல்லுவாகன்னு நின்னேன். மேனேஜர் அவுககிட்ட கேக்கும்போது நான் பக்கத்துலதான் நிக்கேன். இங்கிலீசுல 'நோ'ன்னாக. அவ்வளவு படிச்சவுக இல்லன்ட பெறகு, நான் ஆமான்னா யாரு நம்புவா? அதோட, சாவி குடுத்தது என் தப்புத்தானே."

கையைக் கழுவிவிட்டு, "இத அவுககிட்ட கேட்டுறாதீக, மனசு சங்கடப்படுவாக" என்றான்.

நான் கேட்கவில்லை. எழுதுகிறேன். மார்ச் முடிய இருபத்து நாலு நாள்.

இஸ்ரவேல்


ஷார்ஜா
26 மார்ச் 1998

என் தம்பிக்கு,

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. முந்தின கடிதத்துக்கு நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

அன்று கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். ஷாஜினி டூட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை சைட்டில் தங்கிவிட்டார். ஊரில் எல்லாரும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மூன்று அறையும் ஒரு பால்கனியும்தான். விஜினும் இரண்டு பையன்களும் வந்து, "ஆச்சி, இன்னைக்குத்தானே அந்த நைட்டு? நாம செய்வோமா?" என்றார்கள். திட்டி அனுப்பியிருக்க வேண்டும். நான் தலைமையாசிரியை, முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளைத் திட்டியவள். "வடகத்தை எடுக்க வேண்டும்" என்று கார்மேகத்திடம் சாவி வாங்கியது நான். செருப்பு என்று சொன்னது நான். அவர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள், நான் அடுக்கினேன். அவன் சொன்னது சரி. நான் சிரித்தேன். எனக்குப் பதினாலு வயதாகிவிட்டது போல இருந்தது, தம்பி.

ஒரு சின்ன பூட்ஸைத் தட்டியபோது அதிலிருந்து ஒரு சாவி விழுந்தது. யாருடையது என்று தெரியும். தொலைந்துவிடக் கூடாது, காலையில் கையில் கொடுக்கலாம் என்று பத்திரமாக என் ஜெபமாலைப் பையில் போட்டேன். நீ நினைத்திருப்பாய். ஆம், அதே நீலப் பை.

காலையில் எல்லாரும் மாடியில் நின்றார்கள். முதலில் சிரிப்பு. நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். ருக்கையா சாவி என்றதும் என் கை பைக்குப் போனது. அவள் புருஷன், "எவன்டா இந்த வேலையச் செஞ்சது?" என்று கத்தினான். எவன் என்றான். நான் இப்போது பையைத் திறந்தால் அந்தச் சொல் என்மேல் விழும். இன்னும் ஐந்து நிமிஷம் போகட்டும், தனியாகக் கொடுக்கலாம் என்று கையை எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் வந்துவிட்டான். மாடிச் சாவி யாரிடம் இருந்தது என்றான். கார்மேகம் என்னைப் பார்க்காமலே, "என்கிட்டதான் சாப்" என்றான். மேனேஜர் என் பக்கம் திரும்பி, அம்மா வடகம் காயப்போட வருவதுண்டாமே, ஏதாவது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை, மூன்று நாளாக நான் மாடிக்கே வரவில்லை என்றேன். கான்வென்டில் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை.

அதன் பிறகு பத்து நாள் அவன் இங்கே இருந்தான். பத்து நாளும் பை என் தலையணைக்குக் கீழே. அவன் போகிற அன்று கீழே டாக்ஸியில் பெட்டியை ஏற்றினான். நான் பால்கனியில் நின்றேன். நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

படல் இரவில் பெயர் சொல்லக் கூடாது, அதுதான் சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வாயை அடைத்தேன். நம் ஊரில் பழியை ஆத்துமாக்கள் ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு விசா கிடையாது. இங்கே ஒரு மனிதன் ஏற்றுக்கொண்டான். நோன்புக் கஞ்சியை நான் தொடாததற்கும் வயிறு காரணம் இல்லை. சாம்பல் புதனுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியாரிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். சாவியைச் சொல்லவில்லை. அங்கேயும் பாதி.

உன் கடிதம் வந்த பிறகு, வெள்ளி விடுமுறை போகட்டும் என்று காத்திருந்து, சனிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனேன். மேனேஜர் வாசித்துவிட்டுச் சிரித்தான். "அம்மா, பேரனைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்றான். நம்பவே இல்லை. பையைத் திறந்து ருக்கையா வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தேன். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

இங்கே அவன் பார்த்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆனால் கார்மேகம்மேல் புகார் இல்லை, அவன் ஒன்பது வருஷம் நேர்மையாக வேலை செய்தான் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தான். ஒரு வரியில் பிழை இருந்தது. திருத்தச் சொல்லி மறுபடி அடித்து வாங்கினேன். இத்துடன் இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பிறகு ருக்கையா வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டு, "மாமி, நோன்புக்குக் கஞ்சி அனுப்பினேனே, அப்பவும் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

ஷாஜினி அழுதாள். விஜின் மட்டும், "ஆச்சி, பேரு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். அடுத்தவன் பெயரைத்தான் சொல்லக் கூடாது, நம் பெயரைச் சொல்லலாம் என்றேன். "அப்போ நவம்பர்லயே சொல்லியிருக்கலாமே" என்றான்.

ஜன்னலில் நின்று பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். முழுவதும் பார்க்கவில்லை. இரண்டாவது விளாறு முறிந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். என்னை மன்னிப்பாயா என்று ஐம்பத்தைந்து வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

அக்கா


தூத்துக்குடி
6 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

நான் சுகம். சர்க்கரை பார்க்கவில்லை, அலைச்சல்.

விரைவுத் தபால் ஏப்ரல் நாலாம் தேதி வந்தது. அன்றே சாயல்குடிக்குப் போனேன். முசஃபா விசா முப்பத்தொன்றாம் தேதியோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. மச்சினன் அடுத்தது வரும் என்கிறான். எப்போது என்று தெரியாது.

கார்மேகம் கடிதத்தை வாங்கினான். என்னை வாசிக்கச் சொன்னான், தமிழில் சொன்னேன். "டீச்சரம்மாவே போனாகளா?" என்று இரண்டு முறை கேட்டான். அவன் பெண்டாட்டி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சாயல்குடியில் கண்ணாடிச் சட்டம் போட்டு, தெருவைப் பார்த்த சுவரில் மாட்டப்போகிறாளாம். "ஒருத்தனுக்கும் இங்கிலீசு தெரியாதே" என்றான் அவன். "முத்திரை தெரியும்ல" என்றாள்.

1943ஐப் பற்றி: என் முதுகு மன்னித்து ரொம்ப நாள் ஆகிறது. நீ எழுதியதை மட்டும் உன் தம்பி பொண்டாட்டியிடம் காட்டவில்லை.

ஈஸ்டர் வாழ்த்து. கார்மேகத்துக்கு நீயே ஒரு வரி எழுது. என் வழியாக வேண்டாம்.

இஸ்ரவேல்


ஷார்ஜா
2 மே 1998

திரு. கார்மேகம் அவர்களுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் நலமா? நான் தேவகனி டீச்சர். நான் ஷார்ஜா வந்ததிலிருந்து நீங்கள் போகும்வரை ஒன்பது மாதம் உங்களை "வா, போ" என்று பேசியிருக்கிறேன், இந்தக் கடிதத்தில் என்னால் அப்படி எழுத முடியவில்லை.

நான் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் உங்களுக்கு அது உதவவில்லை. இரண்டும் என் குற்றம். மாடிச் சாவி கொடுத்தது உங்கள் தப்பு அல்ல.

பதில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தே. தேவகனி


முசஃபா, அபுதாபி
5 நவம்பர் 1998

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு கார்மேகம் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் இங்கு சுகம். உங்கள் சுகமும், வீட்டில் எல்லார் சுகமும், விஜின் தம்பி படிப்பும் அறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது.

உங்கள் கடிதம் மே மாசமே கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். ஆகஸ்டில் விசா வந்து இங்கு வந்துவிட்டேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த காகிதத்தைத்தான் காட்டினேன். அதற்காகச் சட்டத்தைக் கழற்றி எடுக்க வேண்டியதாகிவிட்டது, வீட்டில் சண்டை. சுவரில் இப்போது ஜெராக்ஸ் இருக்கிறது.

இது ஒர்க்‌ஷாப்காரர்கள் தங்குகிற கேம்ப். நாலு மாடி. வெல்டர், டிரைவர் என்று இருநூறு பேர். எல்லார் வாசலிலும் செருப்பு கிடக்கும். போன ஒண்ணாம் தேதி ராத்திரி உங்கள் நினைப்பு வந்தது. எழுந்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். எல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தது.

இங்கே மெஸ் நடத்துகிறவர் நாகர்கோவில்காரர், உங்கள் வயசு இருக்கும். நல்ல மனுசன். எனக்குத் தனியாக மீன் எடுத்து வைப்பார். போன வாரம் வந்து, கருவாடு காயப்போடணும், மாடிச் சாவியை ஒரு மணி நேரம் கொடு தம்பி என்று கேட்டார்.

கொடுக்கவில்லை அம்மா. அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இடுப்பில்தான் சாவி இருந்தது, என்கிட்ட இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு
கார்மேகம்